சாமி கும்பிடாத வீட்டில் சாவு விழுந்தால் யார் வந்து நிற்பார்கள்?

கேள்வி இதுதான். கடவுள் நம்பிக்கை போய்விட்டது, கோயிலுக்குப் போவதும் நின்றுவிட்டது. ஆனால் அம்மா இரண்டு கேள்வி கேட்கிறார்: "பிள்ளைக்கு நல்லது கெட்டதை எதை வைத்துச் சொல்லித்தருவாய்? நாளைக்கே நம் வீட்டில் ஒரு சாவு என்றால் யார் வந்து நிற்பார்கள்?" மதம் தரும் அறநெறியும், ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டுறவும் சிங்கப்பூரில் வாழும் நாத்திகத் தமிழருக்குத் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அறநெறிக்கு மதம் தேவையில்லை. கூட்டுறவு விஷயத்தில் அம்மா சொல்வது முழுக்கச் சரி. நம்மவர்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கு மணிக்கணக்கில் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிட்டு இரண்டாவதில் நின்று பேசுகிறேன்.

சமயம் படித்தால் ஒழுக்கம் வரும் என்பதைச் சிங்கப்பூர் பள்ளிக்கூடத்திலேயே செய்து பார்த்திருக்கிறது. 1984ல் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்குச் சமயக் கல்வி கட்டாயமானது. பைபிள், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்பூசிய நெறி போன்றவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். மேலைநாட்டுப் போக்கில் பிள்ளைகள் வேரிழந்துவிடுவார்கள் என்ற கவலையில் பிறந்த திட்டம் அது. சில ஆண்டுகளில் வேறொரு கவலை வந்தது. பாடம் மாணவர்களைச் சமயவாரியாகப் பிரிக்கிறது, மதம் பரப்பும் ஆர்வத்துக்குத் தீனி போடுகிறது என்று அரசாங்கமே கருதி, 1989ல் அதைக் கைவிட முடிவெடுத்தது. அதன் இடத்தில் எந்தச் சமயத்தையும் சாராத குடிமை, ஒழுக்கக் கல்வி வந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூர்வாசிகளில் 20 விழுக்காட்டினர் சமயம் இல்லை என்றார்கள்; 2010ல் அது 17 விழுக்காடு. ஐந்தில் ஒருவருக்குச் சமயம் இல்லாத இந்த ஊரில் ஒழுங்கு குலைந்துவிடவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். சாதி பார்த்துக் கோயில் கதவைச் சாத்தியவர்கள் சாமி பெயரால்தான் சாத்தினார்கள். திறக்கச் சொன்னவர்களில் ஆத்திகரும் உண்டு, நாத்திகரும் உண்டு. இரு தரப்பாருக்கும் "இது அநியாயம்" என்ற உணர்வு முதலில் வந்தது. சாத்திரத்துக்கு அதற்கேற்ற பொருள் பிறகுதான் தேடப்பட்டது. பக்தரும் தம் சமயத்தில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தம் மனசாட்சியைக் கேட்டே முடிவு செய்கிறார். நாத்திகரிடமும் இருப்பது அதே மனசாட்சிதான்.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? ஏழு வயதுப் பிள்ளை தம்பியை அடித்துவிட்டது என்று வையுங்கள். "சாமி கண்ணைக் குத்தும்" என்பதற்குப் பதிலாக நான்கு கேள்விகள் போதும். என்ன நடந்தது? யாருக்கு வலித்தது? அதைச் சரிசெய்ய நீ என்ன செய்வாய்? அடுத்த முறை கோபம் வந்தால் என்ன செய்வாய்? மூன்றாவதுதான் முக்கியம். வாயால் "சாரி" சொல்ல வைத்து அனுப்பிவிட்டால் பிள்ளை கற்றுக்கொள்வது சாரி சொல்லும் வித்தையை மட்டுமே. உடைத்த பொம்மையை ஒட்டித் தர வேண்டும். ஒட்ட முடியாவிட்டால் தன் பொம்மை ஒன்றைக் கொடுக்க வேண்டும். சாமியின் கண்ணை எடுத்த இடத்தில் "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பதைக் கொண்டுவந்து வைக்கும் பெற்றோர் உண்டு. அது இன்னும் மோசம். யாரும் பார்க்காத இடத்தில் அந்தப் பிள்ளைக்குத் தடுப்பு ஒன்றுமே இருக்காது.

பெற்றோர் செய்யும் இன்னொரு தவறு, பிள்ளையிடம் "சாமியெல்லாம் சும்மா" என்று சொல்லி அனுப்புவது. அது மறுநாள் வகுப்பில் விபூதி பூசிய நண்பனிடமும் துடுங் (முக்காடு) அணிந்த தோழியிடமும் அதையே சொல்லும். அந்தப் பிள்ளைகளுக்கு அது காயம். இந்த ஊரில் ஒருவரின் சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பது பெரியவர்களுக்கும் நினைவிருக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு வாக்கியம் பழக்கிக் கொடுங்கள்: "எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதில்லை. நீங்கள் கும்பிடுவதைப் பார்க்க வரலாமா?" ஒளிவுமறைவும் இல்லை, யாருக்கும் இழிவும் இல்லை.

அறநெறியில் மதம் தரும் ஒன்றை மட்டும் நாத்திகர் குறைத்து மதிப்பிடக்கூடாது. அது நினைவூட்டல். வெள்ளிக்கிழமை, நோன்பு மாதம், புரட்டாசிச் சனி, ஞாயிறு ஆராதனை என்று நாள் குறித்து மனிதனை நிறுத்தி "நீ எப்படி வாழ்கிறாய்?" என்று அது கேட்கிறது. நம்பிக்கை போனதும் கெட்டவர் ஆகிவிடமாட்டோம். ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லாததால் அசட்டை ஆகிவிடுவோம். கொடுப்பதையும் உதவுவதையும் மனம் வந்தபோது செய்யலாம் என்று விட்டால் மனம் வருவதே இல்லை. நாட்காட்டியில் ஏற்றுங்கள். ரத்த தானம் 12 வாரத்துக்கு ஒருமுறை செய்யலாம். அடுத்த தேதியைக் கொடுத்த அன்றே குறித்துவிடுங்கள். நன்கொடை சம்பள நாளிலேயே தானாகக் கழியட்டும்.

இனி அம்மாவின் இரண்டாவது கேள்வி. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: விடியற்காலை 3 மணிக்கு மருத்துவமனை அவசரப் பிரிவிலிருந்து நீங்கள் அழைத்தால் உடனே கிளம்பி வருபவர் யார்? கணவன் மனைவி, உடன்பிறந்தார் கணக்கில் வரக்கூடாது. மூன்று பெயர் தேறாவிட்டால் நீங்கள் நாத்திகரா ஆத்திகரா என்பது இருக்கட்டும். உங்களுக்கு மனிதர்கள் வேண்டும்.

இதை ஆராய்ச்சியாளர்களும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சேயூன் லிம், ராபர்ட் பட்னம் இருவரும் 2010ல் வெளியிட்ட ஆய்வு, வழிபாட்டுக்குப் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருப்பது ஏன் என்று தேடியது. கிடைத்த விடை, அங்கே அவர்களுக்கு இருக்கும் நெருங்கிய நண்பர்கள். வாரம் தவறாமல் போய்வந்தும் அங்கே நண்பர் யாரும் இல்லாதவருக்கு அந்தப் பயன் தெரியவில்லை. ஆகவே தெய்வம் இல்லாமலும் அந்த நன்மை கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் நட்பு அப்படி வேர்விடும் மண்ணை யார் தயார் செய்வது என்பதில்தான் நாத்திகர் தோற்கிறார்கள்.

ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானுடவியலாளர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கூட்டுவாழ்க்கை நடத்திய குடியிருப்புகளை ஆராய்ந்தார். சமயம் சாராதவை, சமயக் குடியிருப்புகளைவிட மிக விரைவில் கலைந்தன. சமயக் குடியிருப்பில் உணவு, உடை, உறவு என்று கட்டுப்பாடு கூடக்கூட ஆயுளும் கூடியது. மற்றதில் கட்டுப்பாடு கூடியும் ஆயுள் கூடவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். "ஆண்டவன் கட்டளை" என்றால் விவாதம் அங்கேயே நின்றுவிடும். "நாமே வைத்த விதி" என்றால் முதல் சங்கடத்திலேயே "இந்த விதி எதற்கு?" என்று ஒருவர் எழுந்து நிற்பார். லண்டனில் 2013 ஜனவரியில் 'சண்டே அசெம்பிளி' என்று கடவுள் இல்லாத ஞாயிறு கூட்டம் தொடங்கி, பாட்டும் பேச்சுமாகப் பல நாடுகளுக்கு வேகமாகப் பரவியது. பிறகு பல ஊர்களில் மூடப்பட்டது. நார்வேயில் மனிதநேயர்கள் 1951 முதல் பதின்ம வயதினருக்குச் சமயம் சாராத ஒரு சடங்கை நடத்துகிறார்கள். இன்றும் ஆண்டுதோறும் பல ஆயிரம் பிள்ளைகள் வருகிறார்கள். அதற்கு வயது உண்டு, முன்கூட்டியே வகுப்பு உண்டு, ஆண்டில் ஒரு பருவம் உண்டு, குடும்பம் முழுதும் வந்து உட்காரும். லண்டன் கூட்டத்துக்கு வருகிறவர் பார்வையாளர். நார்வேச் சடங்குக்கு வருகிறவர் தன் வீட்டுப் பிள்ளையின் விசேஷத்துக்கு வந்த உறவினர்.

நம் கோயில்களைக் கவனித்தால் இந்த நுட்பம் புரியும். உபயம் என்பது என்ன? இந்த நாள் இந்தக் குடும்பத்தின் பொறுப்பு என்று எழுதி வைத்திருப்பது. அன்னதானக் கூடத்தில் வெங்காயம் உரிப்பவருக்குப் பேச்சுத் திறமை வேண்டாம், கல்வி வேண்டாம், நம்பிக்கை எவ்வளவு ஆழம் என்று யாரும் அளப்பதும் இல்லை. எழுபது வயதுப் பாட்டியும் ஐந்து வயதுப் பேத்தியும் ஒரே இடத்தில் இருப்பார்கள். போவதற்கு அழைப்பு தேவையில்லை. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காவடி எடுப்பவருக்கு அதற்கு முன்னும் பின்னும் துணை நிற்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. நாத்திகர் கூட்டங்களில் பெரும்பாலும் இதில் ஒன்றுகூட இருப்பதில்லை. பேச்சாளர் ஒருவர், கேட்பவர் நாற்பது பேர், பிறகு விவாதம். பெண்கள் குறைவு, முதியோர் இல்லை, பிள்ளைகளைக் கூட்டிவர இடமில்லை. தொடங்கியவர் வெளிநாடு போனதும் முடிந்துவிடும்.

சிங்கப்பூர்த் தமிழருக்கு இதில் நல்ல முன்னோடி உண்டு. பெரியார் 1929ன் இறுதியில் மலாயா வந்துபோன தாக்கத்தில், 1932ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. முன்னணியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கினார். சாதியையும் மூடப்பழக்கங்களையும் கண்டிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. 1952ல் பொங்கலைத் தமிழர் திருநாளாகச் சமயம் கடந்து கொண்டாட வழிசெய்தார்கள். எதிர்ப்பதற்கு மட்டும் கூடுகிறவர்கள் எதிர்ப்பு ஓய்ந்ததும் கலைந்துவிடுவார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்றும் பெரியார் சமூக சேவை மன்றம் தமிழில் நிகழ்ச்சிகள் நடத்துகிறது. 2010ல் பதிவான ஹியூமனிஸ்ட் சொசைட்டி என்ற சமயம் சாராதோர் சங்கம், பல இனத்தவரும் ஆங்கிலத்தில் கூடும் இடம். நம்பிக்கையை விட்ட புதிதில், "நான் மட்டும்தானா இப்படி?" என்ற தவிப்புக்கு இவை நல்ல மருந்து.

ஆனால் இரவு 3 மணிக்கு வரும் ஆட்களைத் திரட்ட நாத்திகரை மட்டும் தேடாதீர்கள். 2020 கணக்கெடுப்பில் இந்தியர்களில் சமயம் இல்லை என்றவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர். உங்கள் பேட்டையில் எட்டுத் தமிழ் நாத்திகக் குடும்பம் கிடைக்காது. கிடைத்தாலும் ஒன்றை நம்பாதது மட்டுமே ஒட்டவைக்கும் பசையாக இருக்க முடியாது. ஆறு முதல் எட்டு வீடு போதும். எம்ஆர்டி ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வரக்கூடிய தூரம் என்பதே முதல் தகுதி. கும்பிடுபவரும் இருக்கட்டும், கும்பிடாதவரும் இருக்கட்டும்.

நடத்தும் முறை: மாதத்தின் முதல் ஞாயிறு என்று நாள் மாறாமல் இருக்க வேண்டும். "எல்லாருக்கும் வசதியான நாள்" என்று வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு நடத்தத் தொடங்கினால் நான்காவது மாதம் கூட்டம் இருக்காது. வீடு முறைவைத்து மாறட்டும். அதுதான் உங்கள் உபயம். அந்த வீட்டார் சோறும் ஒரு குழம்பும் வைத்தால் போதும், மற்றவர் ஆளுக்கொரு கறி கொண்டுவரலாம். சமையலில் போட்டி தொடங்கினால் வசதி குறைந்த வீடு மெல்ல விலகிவிடும். அதை முளையிலேயே கிள்ளுங்கள். சொற்பொழிவு வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று மட்டும் சுற்றிக் கேளுங்கள்: அறுவை சிகிச்சை, வேலை இழப்பு, பிள்ளையின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) கணக்கு, எதுவானாலும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாகச் சேர்ந்து உடலுழைப்பு செய்யுங்கள். வசதி குறைந்தோருக்கு உணவு சமைத்துத் தரும் வில்லிங் ஹார்ட்ஸ் சமையற்கூடத்தில் காய் நறுக்கத் தொண்டூழியர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், எந்தச் சமயமும் சாராத இடம். இரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்று கேரட் வெட்டினால் வரும் நெருக்கம், ஆறு மாதம் எதிரெதிரே உட்கார்ந்து பேசினாலும் வராது.

பணத்தைப் பொதுவில் சேர்க்காதீர்கள். நட்பு முறிவதும் அங்கேதான், சட்டச் சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். பெயர், பொறுப்பாளர், சந்தா என்று அமைப்பாக்கினால், பத்துப் பேர் சேர்ந்தாலே சங்கச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டிவரும். சமயம் பற்றிப் பேசுவதை நோக்கமாக வைத்தால் எளிய தானியங்கிப் பதிவு முறையும் கிடைக்காது. அதற்குப் பதில், நெருக்கடி என்றால் ஒவ்வொரு வீடும் அன்றே 200 வெள்ளி பேநவ் மூலம் (கைப்பேசி வழி) அனுப்புவது என்று வாக்குக் கொடுங்கள். எட்டு வீடு என்றால் மற்ற ஏழு வீட்டிலிருந்து 1,400 வெள்ளி அன்று மாலைக்குள் கைக்கு வரும். மனத்துக்கு அதைவிடப் பெரிய தெம்பு உண்டு.

கல்யாணம் எளிது. திருமணப் பதிவகத்தில் அறிவிப்பு கொடுத்து 21 நாள் கழித்து, மூன்று மாதத்துக்குள், உரிமம் பெற்ற பதிவாளர் முன்னால், 21 வயது நிறைந்த இரண்டு சாட்சிகளோடு முடிக்கலாம். சட்டத்துக்கு வேண்டியது, ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று இருவரும் வாயால் சொல்வதுதான். மற்றதெல்லாம், தாலி உட்பட, உங்கள் விருப்பம்.

கடினம் சாவில்தான். ஒருவர் போன அரைமணி நேரத்தில் யோசிக்கும் திராணி யாருக்கும் இருக்காது. அப்போது பழக்கப்பட்ட சடங்கு தானாக வந்து நின்றுவிடும்; "அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காதே" என்று மகள் சொல்ல, "ஊர் என்ன சொல்லும்?" என்று சித்தப்பா கேட்க, பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை நடக்கும். உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை இன்றே ஒரு பக்கம் எழுதுங்கள். உயிலில் மட்டும் எழுதினால் பயனில்லை. உடலை என்ன செய்வது என்ற விருப்பம் சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தாது. பெரும்பாலும் உயிலைப் பிரிப்பதே தகனம் முடிந்த பிறகுதான். ஒரு பிரதி வீட்டில், இன்னொரு பிரதி எட்டு வீட்டாரில் ஒருவரிடம். உடலை மருத்துவக் கல்விக்குத் தர விரும்பினால் 18 வயதிலிருந்தே பதிந்து வைக்கலாம்.

வேலைகளையும் இப்போதே பிரித்துவிடுங்கள். ஒருவர் தொலைபேசியோடு இறுதிச்சடங்கு நிறுவனத்திடம் பேசுவார்; தகன நேரம், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்ற அனுமதி இரண்டையும் பெரும்பாலும் அவர்களே பெற்றுத் தருவார்கள். 2022 மே மாதத்திலிருந்து, மருத்துவர் சான்றளித்ததுமே இறப்பு தானாகப் பதிவாகிவிடுகிறது. சான்றிதழை மின்னிலக்க வடிவில் இறக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு ஒருவர். பிள்ளைகளையும் சாப்பாட்டையும் பார்க்க ஒருவர். நிகழ்ச்சியை நடத்த ஒருவர், அவர் நெருங்கிய ரத்த உறவாக இருக்கக்கூடாது. மண்டாய் தகனச்சாலையில் கூடம் கிடைக்கும் நேரம் குறைவு, ஆகவே இருபது நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள்: ஒரு நிமிட அமைதி, பிறந்த ஊர் முதல் பேரப்பிள்ளைகள் வரை ஐந்து நிமிட வாழ்க்கைச் சுருக்கம், மூன்று பேர் ஆளுக்கு மூன்று நிமிடம், பிறகு எல்லாரும் வரிசையாக வந்து பூப்போடுவது. பூப்போடும் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள். கையால் செய்ய ஒன்று இல்லாமல் துக்கம் நகராது. தேவாரம் பாடும் ஓர் அத்தை, நெற்றியில் விபூதி வைக்க வரும் ஒரு பாட்டி இருந்தால் தடுக்க வேண்டாம். ஏற்பாடு இறந்தவர் விருப்பப்படி நடக்கட்டும். அழுகை அவரவர் முறைப்படி இருக்கட்டும்.

நாத்திகர் வீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதற்குப் பிறகு வருவது. எட்டாம் துக்கம், பதினாறு, வருஷத் திதி என்று நம் வழக்கம் ஆட்களை மறுபடி மறுபடி அந்த வீட்டுக்கு அழைத்து வருகிறது. சடங்கை விட்டவர்கள் தேதியையும் சேர்த்து விட்டுவிடுவதால், மூன்றாம் நாள் வீடு காலியாகிவிடுகிறது. மனைவியை இழந்தவர் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தேதிகளை வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் எட்டு வீடும் சாப்பாட்டோடு போங்கள். பதினாறாம் நாள் படங்களை எடுத்து வைத்துப் பேசுங்கள். முப்பதாம் நாள் அவரை வெளியே அழைத்துப் போங்கள். அடுத்த ஆண்டு அதே தேதியை எல்லாருடைய கைப்பேசியிலும் ஏற்றி வையுங்கள்.

சாம்பலைத் தூவச் சுவா சூ காங்கில் 2021 மே மாதம் திறந்த அமைதித் தோட்டம் இருக்கிறது; திறந்தபோது கட்டணம் 320 வெள்ளி. ஊதுபத்தி, படையல், பெயர்ப்பலகை எதுவும் அங்கே இல்லை. தூவிய சாம்பலைத் திரும்ப எடுக்க முடியாது, பிறகு போய் நிற்கப் பெயர் பொறித்த இடமும் இருக்காது. குடும்பத்தில் யாருக்கேனும் அப்படி ஓர் இடம் வேண்டுமென்றால் அஸ்திக் கலசம் வைக்கும் மாடம்தான் பொருந்தும்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும் அம்மாவிடம் உட்காருங்கள். உங்கள் இறுதி நிகழ்ச்சி உங்கள் நம்பிக்கைப்படி என்றால், அம்மாவுடையது அம்மாவின் நம்பிக்கைப்படிதான். எந்தக் கோயில் ஐயர், எந்தச் சேலை, யார் கொள்ளி வைக்க வேண்டும், தேவாரமா திருவாசகமா, பதினாறா முப்பதா என்று அவரையே கேளுங்கள். அஸ்தி கடலில் என்றால் புலாவ் செமாக்காவுக்குத் தெற்கே அதற்கென ஒதுக்கிய இடம் இருக்கிறது, காலை 7 முதல் மாலை 7 வரை, படகு அமர்த்திக்கொள்ள வேண்டும். அவர் சொல்வதை அவர் முன்னாலேயே எழுதி, படித்துக் காட்டி, உங்கள் கடிதம் இருக்கும் அதே உறையில் வையுங்கள். எட்டு வீட்டார் பெயரும் கைப்பேசி எண்ணும் கொண்ட தாளை அதன் மேலேயே வைத்து, உறை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று அவருக்கும் காட்டிவிடுங்கள்.